கூட்ஸ் ஷெட்டின் உள்ளே: மாதிரி ரயில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஆறு, சொல்லி வைத்தாற்போல், ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையைப் பற்றியவை. ஆறும் நம் கடற்கரை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. ஆகவே வேறு பொருள்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா, வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல ரயில் பாதை) காலத்து நிலையம் ஒன்றை 1:87 அளவில், அதாவது உண்மையில் 87-இல் ஒரு பங்காக, அட்டையாலும் சன்போர்டு எனும் நுரைப் பலகையாலும் செய்து வருகிறேன். சரக்குக் கொட்டகையின் வெளிப்புறம் முடிந்துவிட்டது. ஓட்டுக்கூரை போட்டு, இரண்டு நீளச் சுவர்களிலும் இரண்டிரண்டு பெரிய கதவுகள் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளை அட்டைதான் தெரிகிறது. உள்ளே எவற்றை, எவ்வளவு வைக்க வேண்டும்? வைத்தாலும் பார்ப்பவர்களுக்குத் தெரியுமா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை கண்டுவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரு கொட்டகை 1:87 அளவில் 105 மி.மீ. நீளமும் 70 மி.மீ. அகலமுமாகச் சுருங்குகிறது; 8 அடி அகலக் கதவு 28 மி.மீ. ஆகிறது. அந்தச் சிறு திறப்பின் வழியே பார்ப்பவரின் கண்ணுக்குத் தரை முழுவதும் ஒருபோதும் படாது. எனவே பசையையும் கத்தியையும் எடுப்பதற்கு முன்பு, தரையின் அளவுக்கு ஒரு வெள்ளைத்தாளை வெட்டி உள்ளே பரப்பி, பார்வையாளர்கள் நிற்கும் பக்கத்தில் நின்று, அவர்களின் கண் இருக்கும் உயரத்திலிருந்து ஒரு நூலைக் கதவு நிலையின் இரு ஓரங்களையும் தொட்டபடி உள்ளே நீட்டி, அது எட்டும் எல்லைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு கதவுகளுக்கும் இதைச் செய்து முடித்ததும், எந்த மூலை கண்ணில் படும், எந்த மூலை படவே படாது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும். படாத மூலையில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து செய்த மேசையை வைத்துவிட்டு வருந்தியவன் என்ற முறையில் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, சாமான்களுக்கு முன்னால் சுவர். பழைய கொட்டகைகளின் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். அது 1:87 அளவில் 5 மி.மீ. கதவு திறந்திருக்கும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தக் கனமே. நீங்கள் 3 மி.மீ. சன்போர்டைப் பயன்படுத்தியிருந்தால், கதவு நிலைகளின் உட்புறத்தில் மட்டும் 2 மி.மீ. அட்டைப் பட்டையை ஒட்டிவிடுங்கள். சுவர் முழுவதையும் இரட்டிப்பாக்கத் தேவையில்லை. உட்சுவருக்கு முதலில் கறுப்பு வண்ணம் ஒரு பூச்சும், அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை ஒரு பூச்சும் கொடுங்கள். கறுப்பு இல்லாவிட்டால், பின்னர் உள்ளே விளக்கு வைக்கும்போது சுவரே காகித விளக்கைப்போல ஒளிரும். ஆள் இடுப்பு உயரம் வரை, அதாவது அடியிலிருந்து ஏறத்தாழ 12 மி.மீ. வரை, மூட்டைகள் உரசி உரசி மங்கிய பழுப்பாக இருக்கட்டும். அதற்கு மேலே வெள்ளை சற்றே தூசு படிந்த நிறமாக இருந்தால் போதும்.

கூரையின் அடிப்பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேலே அழகாக ஓடு வேய்ந்துவிட்டு, அடியில் வெள்ளை அட்டையை அப்படியே விட்டுவிட்டால், கீழே எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அந்த வெள்ளை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அடர்ந்த பழுப்பு பூசி, ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களான கைமரங்களையும், அவற்றின் குறுக்கே வரும் மெல்லிய ரீப்பர்களையும் ஒட்டுங்கள். தீக்குச்சி ஏறத்தாழ 2 மி.மீ. கனம் உடையது, இந்த அளவில் அது 17 செ.மீ. கனமுள்ள கட்டைக்குச் சமம். ஆகையால் உத்திரத்துக்கு அது பொருந்தும், கைமரத்துக்குப் பொருந்தாது. கைமரத்துக்குத் தீக்குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். கூரையைப் பசையிட்டு மூடிவிடாமல், கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது. நம் கடற்காற்றின் ஈரத்தில் உள்ளே ஏதாவது ஒன்று பெயர்ந்து விழுவது உறுதி, அதை எடுத்து ஒட்ட வழி இருக்க வேண்டும்.

இனி உள்ளே எவற்றை வைப்பது என்பது. இதற்கு என் விடை ஒன்றுதான்: ஒரு மூட்டை எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். சரக்குக் கொட்டகை என்பது பொருள்கள் தங்கும் இடமாகத் தோன்றினாலும், அது உண்மையில் பொருள்கள் கடந்து போகும் இடம். ஒரு பக்கத்தில் மாட்டு வண்டி வந்து நிற்கிறது; மறு பக்கத்தில் வேகன் நிற்கிறது. வண்டியிலிருந்து இறங்கிய மூட்டை முதலில் தராசுக்குப் போகிறது. எடை போட்டதும் கூட்ஸ் கிளார்க் எனும் எழுத்தர் பதிவேட்டில் எழுதி, ரசீது போடுகிறார். மூட்டையின் மேல் போய்ச் சேர வேண்டிய ஊரின் குறி எழுதப்படுகிறது. பிறகு அது அடுக்கில் ஏறி, வேகன் வந்ததும் ரயில் பக்கக் கதவு வழியாக வெளியேறுகிறது. வந்திறங்கும் சரக்குக்கு இதே பாதை தலைகீழ். இந்தப் பாதையை மனத்தில் வைத்தால் எது எங்கே என்பது தானாக அமைந்துவிடும். தராசு வண்டிப் பக்கக் கதவுக்கு அருகில், அதற்கு எட்டும் தூரத்தில் எழுத்தரின் மேசை, அடுக்குகள் பக்கச் சுவர்களை ஒட்டி, நடுவில் தள்ளுவண்டி போகும் அளவுக்கு 4 அடி, அதாவது 14 மி.மீ. வழி. அந்த வழி வெறுமையாகவே இருக்க வேண்டும். மூட்டைகளால் நிரம்பி நடக்க இடமில்லாத கொட்டகை, வேலை நடக்காத கொட்டகையாகவே கண்ணுக்குத் தெரியும்.

மூட்டைகளைச் செய்வதற்கு எம்சீல் போன்ற பிசையும் பசை மிகவும் ஏற்றது. பெரிய சாக்கு 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் என்று கொண்டால், மாதிரியில் 10 மி.மீ.க்கு 7 மி.மீ. பசையைக் கயிறாகத் திரித்து, துண்டு போட்டு, லேசாகத் தட்டி, வாய்ப் பக்கத்தின் இரு மூலைகளையும் கிள்ளி, சாக்கின் காதுகளை உருவாக்குங்கள். இங்கே ஒன்றில் கவனம் வேண்டும்: மூட்டைகளைக் காயவைத்த பிறகு அடுக்காமல், ஈரமாக இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லேசாக அழுத்துங்கள். கீழே உள்ளது நசுங்கி, மேலே உள்ளது அதன் பள்ளத்தில் படிந்து உட்காரும்போதுதான் எடை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அடுக்கின் அடியில் மரச்சட்டங்களை வைத்து, தரையிலிருந்து மூட்டைகளைச் சற்றுத் தூக்கி வையுங்கள்; ஈரம் ஏறாமல் இருக்க உண்மையிலும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு வரிசை நீளவாக்கிலும் அதற்கு மேல் வரிசை குறுக்குவாக்கிலும் அமைந்தால் அடுக்கு சரியாது, பார்வைக்கும் அதுவே உண்மையாக இருக்கும்.

கொட்டகையின் தளம் வேகனின் தளத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். அதற்கான அளவை எந்த நூலிலும் தேடாமல், உங்களிடம் உள்ள மாதிரி வேகனையே தண்டவாளத்தில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். இடைவெளியில் ஒரு நடைபலகை போட்டு, அதன் நடுப்பகுதியை மட்டும் தேய்ந்த வெளிர்நிறமாக ஆக்கிவிட்டால் போதும்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: என் மகனும் நானும் சேர்ந்து 1950களின் நிலையம் ஒன்றை அமைக்கிறோம். இணையத்தில் காணும் மாதிரிகள் எல்லாவற்றிலும் மரப்பெட்டிகளும் பீப்பாய்களுமே உள்ளன. நம் பக்கத்து நிலையத்தில் அக்காலத்தில் எந்தச் சரக்குகள் கிடந்திருக்கும்?

பதில்: மிகவும் தேவையான கேள்வி, அம்மா. மேல்நாட்டு மாதிரிகளின் பெட்டியும் பீப்பாயும் அவர்களின் நிலையங்களுக்கு உரியவை. நம் கொட்டகையை நம்முடையதாக அடையாளம் காட்டுவது பொதிகளின் உருவமே. இங்கிருந்து வெளியே போனவற்றில் கருவாடு முக்கியமானது. அதைச் சாக்கில் அல்லாமல் பனையோலைப் பாயில் பொதிந்து, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவார்கள். ஆகையால் அந்தப் பொதி மூட்டையைப்போல உருண்டிராமல் தட்டையாகவும், ஓரம் கூர்மையாகவும் இருக்கும். மெல்லிய அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வைக்கோல் நிறம் பூசி, ஒற்றை இழை நூலால் கட்டிவிட்டால் அதே தோற்றம் வந்துவிடும். கருவாட்டுப் பொதியை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாடை ஏறும் என்பதால் எந்த எழுத்தரும் அதற்கு இடம் தரமாட்டார். காற்றோட்டம் உள்ள கதவோரமே அதற்குரிய இடம்.

சங்கு இன்னொன்று. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் குளித்தெடுத்த சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்குப் போயின. சாக்கில் கட்டிய சங்கு, மூட்டைக்கு மேடுபள்ளமான உருவத்தைத் தரும். பிசைந்த பசைக்குள் கடுகு மணிகளைப் புதைத்துப் பாருங்கள், அந்த முண்டு முண்டான வடிவம் கிடைக்கும். முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்து மிளகாய் மூட்டைகள் எடை குறைந்தவை, ஆனால் பருத்தவை. அவற்றை மற்றவற்றைவிடச் சற்றே பெரிதாகச் செய்து, அடுக்கின் உச்சியில் வையுங்கள். கரி மூட்டைகளைச் சுற்றித் தரை கறுத்திருக்க வேண்டும். ஓலைக் கொட்டானில் அடைத்த கருப்பட்டி, தேங்காய், கயிற்றுச் சுருள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். உள்ளே வருபவற்றில் அரிசி, துணிப் பொதி, சிமெண்டு, மண்ணெண்ணெய் டின் ஆகியவை போதும். சதுர மண்ணெண்ணெய் டின் ஒன்று மாதிரியில் 2.7 மி.மீ. அகலமும் 4 மி.மீ. உயரமும் உள்ள சிறு கட்டைதான்; வெள்ளி வண்ணத்தை மங்கலாகப் பூசினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் திணிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மூன்று வகைச் சரக்கை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றை மிகுதியாகவும் மற்ற இரண்டைக் குறைவாகவும் வையுங்கள். எது மிகுதி என்பதே உங்கள் ஊர் எது என்பதைச் சொல்லும். கருவாடு மிகுந்தால் தீவுப் பக்கம். மிளகாய் மிகுந்தால் உள்நாட்டுப் பக்கம்.

காலத்தைக் குறித்தும் ஒரு சொல். 1951 ஏப்ரல் 14 அன்றுதான் தென்னிந்திய ரயில்வே மற்ற நிறுவனங்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆயிற்று. சுவரில் பலகை எழுதினால் நீங்கள் தேர்ந்த ஆண்டுக்கு ஏற்ற பெயரை எழுதுங்கள். 1957 ஏப்ரல் வரை பணம் அணாக் கணக்கில். மெட்ரிக் எடை 1958 முதல் படிப்படியாகவே வந்தது. அதற்கு முன் ரயில்வே எடையில் ஒரு மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. சென்னைக் கடைவீதி மணங்கோ 25 ராத்தல் (பவுண்டு), அதாவது சுமார் 11 கிலோ மட்டுமே. எழுத்து இவ்வளவு சிறிய அளவில் படிக்க முடியாவிட்டாலும், மகன் கேட்கும்போது இதைச் சொல்லிவைக்கலாம். சிவப்பு வண்ணம் பூசிய மணல் வாளிகள் நான்கைந்தைச் சுவரோரம் ஒரு சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட்டால், ரயில்வே இடம் என்பது யாருக்கும் உடனே விளங்கிவிடும்.

வாலிநோக்கத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊர் உப்பளத்து உப்பையே மாதிரியில் வைக்க ஆசை. வைக்கலாமா?

பதில்: உங்கள் ஆசை எனக்கும் இருந்தது, என் முதல் கொட்டகையில் நான் அதையே செய்தேன். சித்திரையில் ஒரு மூலையில் பொடி உப்பைக் குவித்து வைத்தபோது மிக அழகாக இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அந்தக் குவியல் கசிந்து தரையில் ஊறி, சுவர் அட்டையை உப்பவைத்து, வெளியே இருந்த தண்டவாளம் வரை பரவியது. மின்கம்பி ஒட்டிய இடங்களில் பச்சைக் களிம்பு பிடித்து, வண்டி ஓடவே இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. நம் கரையில் அந்த அளவு ஈரம் அரிதான ஒன்றன்று.

கல்லை அரைத்த கோலப்பொடி இருக்கிறதல்லவா, அதுவே போதுமானது. அரிசி மாவுக் கோலப்பொடியைத் தவிர்த்துவிடுங்கள், எறும்பு வரும். மேலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: கொட்டகைக்குள் வரும் உப்பு மூட்டையில் கட்டப்பட்டதே அன்றிக் குவியலாகக் கிடப்பதில்லை. ஆகவே உப்பு என்பதைக் காட்டுவதற்குக் குவியல் வேண்டியதில்லை. மூட்டைகளின் அடிப்பக்கம் ஈரத்தால் கறுத்தும், தையல் ஓரங்களில் வெள்ளை பூத்தும், தராசின் தட்டைச் சுற்றிச் சிறிது வெண்பொடி சிந்தியும் இருந்தால், உங்கள் ஊரார் பார்த்தவுடன் உப்பென்று சொல்லிவிடுவார்கள்.

பாம்பனிலிருந்து ஒரு மாணவர்: தீவின் பழைய கட்டடங்கள் பவளக்கல்லால் கட்டப்பட்டவை என்கிறார்கள். கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளைக் கொட்டகைச் சுவருக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரில் பவளக்கல்லை இன்றும் காணலாம்; நீ கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைச் சேகரிப்பது குற்றம். அளவும் பொருந்தாது. பவளத்தின் ஒரு துளை 2 மி.மீ. என்றால் அது இந்த அளவில் உண்மையான 17 செ.மீ. அகல ஓட்டைக்குச் சமமாகிவிடும். உட்சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசியதாகவே காட்டிவிட்டு, ஓரிடத்தில் மட்டும் காரை பெயர்ந்ததுபோல நகம் அளவு உரித்து, அங்கே பழைய பல் துலக்கும் தூரிகையால் ஈரக் காரையைக் குத்தி எடு. நுண்ணிய துளைகள் விழும்.

இராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகர்: கடையில் வாங்கிய ஆள் உருவங்கள் எல்லாம் கோட்டும் தொப்பியும் அணிந்திருக்கின்றன. இவர்களை நம் கொட்டகையில் எப்படி நிறுத்துவது?

பதில்: தொப்பியைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, கோட்டின் கீழ்ப்பகுதியையும் வெட்டிவிடுங்கள். மிச்சமுள்ள உடலே சுமை தூக்கும் தொழிலாளிக்குப் போதும். மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியதாக அமைந்தால் வேலைக்காரர், கணுக்கால் வரை இருந்தால் சரக்குக்கு உரிய வியாபாரி. தலையில் சும்மாடு வைக்க மறவாதீர்கள். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினாலே ஆயிற்று. மூட்டை நேரடியாகத் தலையில் உட்கார்ந்திருந்தால் அது ஒட்டிவைத்ததாகவே தெரியும்.

நின்றபடி சும்மா இருக்கும் ஆட்களைவிட, ஒரே வேலையில் இணைந்த ஆட்களே கொட்டகைக்கு உயிர் தருவார்கள். இருவர் மூட்டையின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்க, மூன்றாமவர் முழங்காலை மடித்துத் தலை கொடுக்கும் காட்சியை ஒருமுறை செய்து பாருங்கள். அந்த மூவரின் கால்களும் தரையில் நன்கு பதிந்திருக்க வேண்டும். சுமை ஏறும் ஆளின் கழுத்து விறைத்து, பார்வை நேரே இருக்க வேண்டும். எழுத்தர் ஒருவர், எடை பார்க்கும் ஒருவர் ஆகியோரையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். 105 மி.மீ. கொட்டகைக்கு அதற்கு மேல் தாங்காது. ஆளின் உயரம் 19 மி.மீ.க்கு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சற்றே பெரிய 1:76 அளவு உருவங்கள் கலந்துவிட்டால் கதவே சிறுத்துப்போகும்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: உள்ளே எல்.ஈ.டி. விளக்கு வைத்தேன். கொட்டகை நகைக்கடைபோல ஜொலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: மஞ்சள் கலந்த வெண்மை ஒளி தரும் 3 மி.மீ. எல்.ஈ.டி.யை வைத்து, 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் மின்தடை போட்டிருப்பீர்கள். அதில் ஏறத்தாழ 9 மில்லி ஆம்பியர் ஓடும். அதை 4.7 கிலோ ஓமாக மாற்றுங்கள், மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். அப்போதும் மிகுதியாகத் தோன்றினால் விளக்கின் மேல் மங்கிய ஆரஞ்சு வண்ணத்தை ஒரு பூச்சு பூசுங்கள். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காமல் தனி அடாப்டரில் இணையுங்கள். இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போதெல்லாம் விளக்கும் அணையும். சன்னல் கண்ணாடிக்கு ஒளிபுகும் தாளை ஒட்டும்போது ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி தாளை வெண்மையாக்கிவிடும். வெள்ளைப் பசையே போதும்.

விளக்கு ஒன்றே ஒன்று போதும். அதை எழுத்தரின் மேசைக்கு மேலே, உத்திரத்திலிருந்து தொங்கவிடுங்கள். பதிவேடும் தராசின் ஒரு பாதியும் வெளிச்சத்தில் இருக்க, அடுக்குகளின் பின்பக்கம் இருளில் இருக்கட்டும். அப்படி வைத்தால் பின்பக்கத்து மூட்டைகளுக்கு வண்ணம் பூசும் வேலையும் உங்களுக்கு மிச்சம்.